மறிக்கிறவர்களைப் பாருங்கள்

கிளித்தட்டு ஆடி வளர்ந்த அனலைதீவாருக்கு றக்பியில் பாதி ஏற்கெனவே தெரியும். கோட்டில் நின்று மறிக்கிறவனின் தோளைப் பார்த்து, எந்தப் பக்கம் சாயப்போகிறான் என்று கணித்து, மறுபக்கத்தால் பாய்ந்து அடுத்த தட்டுக்குள் இறங்குகிற வித்தைதான் இங்கேயும். கையில் முட்டை வடிவப் பந்து ஒன்று கூடுதலாக இருக்கிறது. மறிக்கிறவன் தொட்டால் போதாது. கட்டிப்பிடித்து விழுத்த வேண்டும்.

தீவில் நாங்கள் கால்பந்தும் கரப்பந்தும் பார்த்து வளர்ந்தோம். றக்பி கண்டியும் கொழும்பும் கொண்டாடுகிற விளையாட்டு. ஆனால் தீவுப்பகுதி ஆக்கள் கடை வைக்காத தென்னிலங்கைப் பட்டினம் குறைவு. யாழ்ப்பாணத்தில் வந்து முடிகிற ஏ9 வீதி தொடங்குவதே கண்டியில்தான். அந்த வழியால் போய், 1874 இல் தொடங்கிய கண்டி விளையாட்டுக் கழகத்தின் ஆதரவாளன் ஆனவன் நான். இலங்கைப் பாடசாலைகளில் முதன்முதலில் றக்பி ஆடியது கண்டி கிங்ஸ்வூட் கல்லூரி, 1891 இல். 1906 இல் அது கண்டி டிரினிற்றிக் கல்லூரியோடு மோதியதிலிருந்து பாடசாலைகளுக்கிடையிலான போட்டிகள் தொடங்கின. பின்னாளில் வெளிநாட்டமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமர் டிரினிற்றியில் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியதோடு றக்பியும் ஆடியவர். இத்தனை இருந்தும் நம்மவர்களில் பலர், “ஒருத்தருக்கு மேல ஒருத்தர் விழுகினம், ஒண்டும் விளங்கேல்லை” என்று சொல்லி எழும்பிப் போய்விடுகிறார்கள். அவர்களைத் திரும்ப இருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

விளங்காமல் போவதற்குக் காரணம் எல்லோரும் பந்தையே பார்ப்பது. கையால் பந்தை முன்னுக்கு எறியக் கூடாது. பக்கமாகவோ பின்னுக்கோதான் கொடுக்கலாம். ஆகவே பந்து வைத்திருப்பவரே தன் அணியின் முன் முனை. அவருக்கு எதிரே உள்ள வரிசையைப் பாருங்கள். மறிக்கிறவர்கள் ஒரே கோட்டில் சேர்ந்து முன்னேறுகிறார்களா? ஒருவர் மட்டும் அவசரப்பட்டு முந்துகிறாரா? முந்தியவருக்குப் பின்னால் ஒரு வாசல் திறக்கும். நல்ல அணி இரண்டு பாஸுக்கு முன்பே அந்த வாசலைக் கண்டுபிடித்துவிடும். நீங்களும் கண்டுபிடித்து, பந்து அங்கே போய்ச் சேர்வதற்கு முன் இருக்கையை விட்டு எழும்புவீர்களானால், அன்றைக்கு நீங்கள் றக்பி ரசிகர்.

இனி அந்த விழுகிற குவியலுக்கு வருவோம். முழு ஆட்டமும் அங்கேதான் தீர்மானமாகிறது. டக்கிள் செய்யப்பட்டு நிலத்தில் விழுந்தவர் பந்தை உடனே விடவேண்டும். விழுத்தியவரும் அவரை விட்டு உருண்டு விலகவேண்டும். காலில் நிற்கிறவர்தான் பந்தில் கை வைக்கலாம். இரு பக்கத்தாரும் பந்தின் மேலால் தோளோடு தோள் முட்டி நின்றுவிட்டால் அது ரக். அதன்பின் புதிதாகக் கை போட முடியாது, தள்ளித்தான் வெல்லவேண்டும். இதில் பார்க்கவேண்டியது, முதலில் ஓடி வந்து சேர்கிற ஆள் யார் என்பது. நம்மவர் முதலில் வந்தால் பந்து இரண்டு மூன்று வினாடியில் வெளியே வரும்; எதிரணி வரிசை கட்டி முடிந்திராது. எதிராளி முதலில் வந்து பந்தின் மேல் குனிந்துவிட்டால், விழுந்தவரால் பந்தை விடவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. மத்தியஸ்தரின் விசில் எதிரணிக்குச் சாதகமாக ஊதும். தொலைக்காட்சியில் கமரா பந்தோடு ஓடுவதால் இந்த ஓட்டம் பாதி தெரியாது. மைதானத்தில் இருக்கும்போது விழுந்த ஆளை விட்டுவிட்டு, அவரை நோக்கி எத்தனை பேர் எவ்வளவு வேகமாக வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கண்டி தோற்ற ஆட்டங்களில் என் வயிற்றைக் கலக்கியது ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் அரை வினாடி பிந்தியதுதான்.

ஸ்க்ரம்மைப் பலர் இளைப்பாறும் நேரமாக எடுத்துக்கொள்கிறார்கள். எட்டுப் பேர் எட்டுப் பேரோடு தலை கோத்துத் தள்ளும்போது மற்றவர்கள் எங்கே நிற்கவேண்டும் என்று விதி இருக்கிறது: தங்கள் பக்கத்துக் கடைசிக் காலுக்கு ஐந்து மீற்றர் பின்னால். வெளியே போன பந்தை இரு அணி வரிசைகளுக்கிடையில் உள்ளே எறிகிற லைன்அவுட் என்றால் பத்து மீற்றர். ரக்கில் அந்த இடைவெளி கிடையாது. கடைசிக் காலுக்குப் பின்னால் நின்றால் போதும். ஆகவே ஸ்க்ரம்மும் லைன்அவுட்டும் தாக்குகிற அணிக்கு வெறும் நிலத்தைத் தட்டில் வைத்துக் கொடுக்கின்றன. பயிற்சியில் ஒத்திகை பார்த்த திட்டங்கள் வெளிவருவது அப்போதுதான்.

முதுகில் உள்ள இலக்கம் வேலையைச் சொல்லும். 1, 3 ஸ்க்ரம்மின் தூண்கள். 9 ரக்கிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர். 10 முடிவெடுப்பவர். 11, 14 ஓரத்தால் பறப்பவர்கள். 15 கடைசிக் காவல். 10 ஆம் இலக்கத்தை எப்படி ரசிப்பது என்று எனக்குக் கற்றுத்தந்தவர் பாசில் மரிஜா. கிங்ஸ்வூட்டில் படித்து, கண்டிக்கும் இலங்கைக்கும் அந்த இடத்தில் ஆடியவர். உதைப்பதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை எதிராளி அறிகிற கடைசிக் கணம்வரை மறைத்து வைத்திருப்பது பெரிய கலை.

உதையையும் இகழாதீர்கள். “கையில இருக்கிற பந்தை ஏன் எதிரிக்குக் குடுக்கிறான்” என்று கோபம் வரும். றக்பியில் நிலமும் ஒரு சொத்து. சொந்தப் பாதியிலிருந்து உதைத்த பந்து நிலத்தில் குத்தி எழும்பி எதிரணியின் 22 மீற்றர் கோட்டுக்கு உட்பட்ட பகுதியில் பக்கக்கோட்டைத் தாண்டினால், லைன்அவுட்டில் எறியும் உரிமை உதைத்தவருக்கே. சில ஆண்டுகளுக்கு முன் வந்த இந்த விதியால் இப்போது பின்வரிசையில் ஆள் நிறுத்தியே ஆகவேண்டும். ஆகவே முன்வரிசையில் ஓட்டை விழுகிறது. கண்டியில் மழை இறங்கிவிட்டால் பந்து கையில் நில்லாது. அப்போது உதையும் தள்ளுமுள்ளும்தான் ஆட்டம். அந்தச் சேற்று ஆட்டத்தில் ஒவ்வொரு மீற்றரும் பிடுங்கி எடுக்கப்படுகிறது; எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும்.

தலைவர் எடுக்கிற முடிவில்தான் ரசிகர்களுக்கிடையில் சண்டை மூள்கிறது. எதிரணி குற்றம் செய்கிறது. கம்பங்களுக்கிடையில் உதைத்தால் மூன்று புள்ளி கையில். மூலைக்கு உதைத்து லைன்அவுட் எடுத்தால், எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைக்கிற ட்ரைக்கு ஐந்து, அதன் மேல் உதைக்கு இரண்டு என்று ஏழு கிடைக்கலாம், ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். என் கட்சி இது: முதல் இருபது நிமிடத்தில் மூன்றை எடுங்கள், எதிரணி மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு மூலைக்குப் போங்கள்.

மைதானத்தில் இடம் பிடிக்கும்போது கம்பங்களுக்குப் பின்னால் நின்று பாருங்கள். கண்டிக் கழகத்தின் நித்தவெல மைதானத்தில் பக்கவாட்டில் இருந்தால் மோதல் கிட்டத் தெரியும். பின்னால் நின்றால் வரிசையும் வாசலும் தெரியும். மத்தியஸ்தரோடு சேர்ந்து ஆட்டத்தைப் படியுங்கள். தலையில் மோதுகிற, கைபோட்டுக் கட்டாமல் தோளால் இடிக்கிற டக்கிள் எவருடையதாக இருந்தாலும் கைதட்டாதீர்கள். உங்கள் ஆள் செய்தாலும் அட்டை சரியானதுதான். ஆடுகிறவர்களின் மூளை எங்கள் கிண்ணத்தை விடப் பெரியது.

ஆட்டம் முடிந்து கதைக்கும்போது புள்ளிகளோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை முறை நம் குற்றத்தால் பந்து பறிபோனது? நம் லைன்அவுட்டில் நாம் எறிந்த பந்தை நாமே பிடித்தோமா? எழுபதாவது நிமிடத்திலும் வரிசை சேர்ந்து முன்னேறியதா, கால்கள் பின்வாங்கினவா? தோற்றும் இவற்றில் நன்றாக ஆடிய அணியை அடுத்த கிழமை நம்பலாம். வென்றும் இவற்றில் சறுக்கியிருந்தால், ஆதரவாளன் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

முதல்முறை பார்க்கப் போகிறீர்களா? 7 ஆம் இலக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் பாருங்கள். விழுத்துவார், எழும்புவார், ஓடுவார், பந்தின் மேல் குனிவார், மறுபடியும் விழுத்துவார். பந்து அவர் கைக்கு ஒருமுறையும் வராமலும் போகலாம். ஆறாவது ஏழாவது தடவை அவர் எழும்பும்போது நீங்கள் அவருடைய பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பீர்கள்.