ஒன்றரை லட்சத்தில் டர்போ: ஒரு கான்டசா பட்ஜெட்டை வாசித்தல்

சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் விமர்சனம் எழுதுகிறோம். ஒரு கார் பட்ஜெட்டுக்கும் எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. அதிலும் ஒரு கதை இருக்கிறது, கதையில் ஓட்டையும் இருக்கிறது.

இங்கே வில்லாபுரத்தில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவரிடம் அவருடைய அப்பா காலத்துக் கான்டசா இருக்கிறது. 1.8 பெட்ரோல். அதற்கு டர்போ போடுவதற்கு ஒரு பட்ஜெட் தயார் செய்து, "எதாச்சும் விட்டுப்போச்சான்னு பாருங்கண்ணே" என்று அனுப்பினார். பதினோரு வரிகள், மொத்தம் ஒன்றரை லட்சம். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் 'பட்ஜெட் டர்போ' திட்டங்கள் பெரும்பாலும் இதே அச்சில் வார்த்தவை என்பதால், மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் காரைப் பற்றி. கான்டசாவை 'இந்தியாவின் மசில் கார்' என்று சொல்வது வழக்கம். மசில் கார் என்றால் அமெரிக்காவில் அர்த்தம் வேறு. நடுத்தர அளவுக் காரில் அளவுக்கு மீறிய என்ஜினை வைப்பது. 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓ-வில் இருந்தது 6.4 லிட்டர் வி8, 325 குதிரைசக்தி. 1984-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த கான்டசாவின் உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸால் காரிலிருந்து வந்தது; என்ஜினோ அம்பாசடரில் இருந்த அதே 1489 சிசி, சுமார் 50 குதிரைசக்தி. பிற்பாடுதான் இசுசுவின் 1817 சிசி என்ஜின் வந்து 88 குதிரைசக்தி கிடைத்தது. நீளமான பானெட், பின்சக்கர ஓட்டம், கம்பீரமான முகம் எல்லாம் இருந்தும் சக்தி மட்டும் குறைவு. ஆகவே "இதுக்கு டர்போ போட்டா என்ன?" என்ற ஆசை பிறப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. நான் அந்த ஆசையைக் கிண்டல் செய்யவில்லை. தயாரித்த கம்பெனியே கடைசிக் காலத்தில் டர்போ டீசல் கான்டசாவை விற்றது.

சரி, தாளுக்கு வருவோம். முதல் வரி: டீசல் காரிலிருந்து கழற்றிய பழைய டர்போ. அடுத்து மேனிஃபோல்டு வெல்டிங், பைப்புகள், கிளாம்ப், ஆயில் லைன், கேஸ்கெட், சைலன்ஸர், லேத்து வேலை, லேபர் கூலி. கடைசி இரண்டு வரிகள்: 'இன்டர்கூலர் (தேவைப்பட்டால்)', 'டியூனிங் (பிறகு)'.

என் விமர்சனம் முழுக்க அந்த இரண்டு அடைப்புக்குறிகளைப் பற்றியதுதான்.

'தேவைப்பட்டால்' என்பதை எடுத்துக்கொள்வோம். அவர் திட்டமிட்ட அழுத்தம் 6 பிஎஸ்ஐ. வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 என்றால் என்ஜினுக்குள் போவது 20.7, அதாவது 1.41 மடங்கு. 88-ஐ 1.41 ஆல் பெருக்கினால் 124. தாளின் அடியில் '124 எச்பி' என்று வட்டம் போட்டிருந்தார். ஆனால் காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சித்திரை வெயிலில் மதுரைக் காற்று 40 டிகிரி. டர்போவின் திறன் 65 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், வெளியே வரும் காற்று ஏறக்குறைய 90 டிகிரி இருக்கும். சூடான காற்று விரியும், அடர்த்தி குறையும். 1.41 மடங்கு என்று நினைத்தது உண்மையில் 1.22 மடங்குதான். ஆக 107 குதிரைசக்தி. இன்டர்கூலர் வைத்து அதே காற்றை 55 டிகிரிக்கு இறக்கினால் 1.35 மடங்கு, சுமார் 118. இதில் பைப்புகளிலும் எக்ஸாஸ்டிலும் ஏற்படும் இழப்பைக் கழிக்கவில்லை. இந்த ஊரில் இன்டர்கூலரை விருப்பத்துக்கு விட முடியாது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பாதி லாபமும் முழுச் சூடும்.

சக்தி குறைந்தால்கூடப் பரவாயில்லை. சூடு அதோடு நிற்காது. 90 டிகிரிக் காற்றோடு பெட்ரோல் கலந்து அழுத்தப்படும்போது, பிளக் பொறி கொளுத்திய நெருப்பு பரவி முடிப்பதற்குள் மிச்சக் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். கொஞ்சம் தட்டினால் சத்தம் மட்டும் கேட்கும். தொடர்ந்து தட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும், ஹெட் கேஸ்கெட் போகும்.

இதை ஏதோ காயலான்கடை வேலையின் குறை என்று நினைக்க வேண்டாம். 1962-ல் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், உலகின் முதல் டர்போ கார்களில் ஒன்று. 3.5 லிட்டர் வி8, 215 குதிரைசக்தி. இன்டர்கூலர் கிடையாது. நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை என்ஜினுக்குள் தெளித்தார்கள். அந்தத் திரவத்தை உரிமையாளர்தான் அவ்வப்போது நிரப்ப வேண்டும். பலர் நிரப்பவில்லை. கடைசியில் வாடிக்கையாளர்களின் கார்களிலிருந்து டர்போவைக் கழற்றிவிட்டு சாதாரணக் கார்புரேட்டரைக் கம்பெனியே மாட்டிக்கொடுத்தது. அவ்வளவு பெரிய கம்பெனி, இரண்டே வருடத்தில் விற்பனையை நிறுத்தியது.

அடுத்தது 'பிறகு'. டியூனிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த மாதிரித் தாள்களில் நான் காணும் மிகப் பெரிய கோளாறு. கார்புரேட்டர் காரில் பெட்ரோலை அனுப்பும் மெக்கானிக்கல் பம்பு சாதாரணமாக 3 முதல் 5 பிஎஸ்ஐ வரைதான் தரும். டர்போ 6 பிஎஸ்ஐ காற்றைக் கார்புரேட்டருக்குள் தள்ளினால் பெட்ரோல் எப்படி உள்ளே போகும்? சரியாகக் கால் அழுத்தும் நேரத்தில்தான் பெட்ரோல் வறண்டுபோகும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, சூடு உச்சம். காற்றழுத்தம் ஏற ஏற அதைவிட நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகப் பெட்ரோலை அனுப்பும் பம்பும் ரெகுலேட்டரும் வேண்டும். தாளில் இரண்டும் இல்லை. ஸ்பார்க் டைமிங்கை அழுத்தத்துக்கு ஏற்பப் பின்னுக்கு இழுக்கும் ஏற்பாடும் இல்லை. கலவை எப்படி எரிகிறது என்று காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும் இல்லை. அந்த மீட்டர் இல்லாமல் டியூனிங் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு தாளிப்பது மாதிரி.

இதோடு இன்றைய பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. இதில் ஒரு நல்லது, ஒரு கெட்டது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது குளிர்ச்சியும் தரும், அதனால் நாக்கிங்குக்கு நல்ல மருந்து. ஆனால் எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. எண்பதுகளின் பெட்ரோலுக்குத் துளையிட்ட ஜெட்டில் இ20-ஐ ஊற்றினால், டர்போ போடாமலே கலவை மெலிந்திருக்கும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் அது சேதப்படுத்தும். ஜெட்டும் ஹோஸும் சேர்ந்து பெரிய செலவில்லை. அந்தச் சின்னச் செலவும் தாளில் இல்லை.

முதல் வரியிலும் எனக்கு ஒரு சந்தேகம். டீசல் என்ஜினின் எக்ஸாஸ்ட் வாயு பொதுவாகப் பெட்ரோலை விடக் குளிர்ந்தது. பெட்ரோல் என்ஜினில் முழு வேகத்தில் அது 900 டிகிரியைத் தாண்டும். டீசலுக்குச் செய்த டர்பைன் அந்தச் சூட்டில் ரொம்ப நாள் தாங்கும் என்று நம்ப முடியாது. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுற்றுவது; தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. புதுப்பேட்டையில் கழற்றிப் போட்ட டர்போவின் முன் வாழ்க்கை எப்படி என்று யாருக்குத் தெரியும்? தண்டை விரலால் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் விட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

இந்தத் திட்டங்களின் மூலம் அமெரிக்கா. அங்கே 1999-க்குப் பிறகு வந்த ஜிஎம் டிரக்குகளின் 4.8, 5.3 லிட்டர் வி8 என்ஜின்கள் பழைய இரும்பு யார்டுகளில் ஏராளம். இரும்பு பிளாக், ஃப்யூல் இன்ஜெக்‌ஷன், கம்ப்யூட்டரில் திருத்தக்கூடிய டைமிங். ஒன்று வெடித்தால் அடுத்த வாரம் இன்னொன்று. அங்கே 'மலிவு' என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தக் குவியல் நிற்கிறது. நம்மிடம் அந்தக் குவியல் கிடையாது. கான்டசா உற்பத்தி 2002-ல் நின்றுவிட்டது. இசுசு 1.8-ன் ஒரு பிஸ்டன் செட்டுக்கே ஊர் ஊராக ஃபோன் போட வேண்டும். பிளாக் உடைந்தால், பெரும்பாலும் அந்தக் காரின் கதை அங்கேயே முடிந்துவிடும். மிச்சமிருக்கும் கான்டசாக்களில் ஒன்று குறையும். வீடியோவில் சொல்லாத விலை இதுதான்.

பிரேக் பற்றித் தாளில் ஒரு வரிகூட இல்லை. கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி விருதுநகர் ரோட்டில் 100-ல் போகும் கார் 130-ல் போனால், நிறுத்த வேண்டிய ஆற்றல் 1.69 மடங்காகும். வேகம் கூடுவது முப்பது சதவீதம், பிரேக்கின் சுமை கூடுவது எழுபது சதவீதம். எதிரே வருகிறவர்கள் நம் பட்ஜெட்டைப் படித்திருக்க மாட்டார்கள்.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. எஃப்சி-க்குப் போகும் பழைய காரில் பானெட்டைத் திறந்தால் டர்போ ஒளிந்துகொள்ளாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாக இருக்கலாம். ஆக, இது ரோட்டில் ஓட்டும் காருக்கான திட்டமா, இருங்காட்டுக்கோட்டை மாதிரி டிராக்குக்கு ஏற்றிக்கொண்டு போகும் காருக்கான திட்டமா என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

தாளில் நல்லதே இல்லையா? இருக்கிறது. 6 பிஎஸ்ஐ என்று அடக்கமாக ஆரம்பித்தது நல்ல புத்தி. ஆயில் லைனுக்குத் தனி வரி போட்டிருந்தார், பலர் மறக்கும் விஷயம் அது. லேத்து வேலைக்கும் கூலியைக் குறைக்காமல் எழுதியிருந்தார். கையால் வேலை செய்கிறவர்களின் மதிப்பு தெரிந்தவர்.

நான் அவருக்குத் திருப்பி அனுப்பியது அதே தாளைத் தலைகீழாக்கியது. முதலில் கம்ப்ரெஷன் டெஸ்ட். நாலு சிலிண்டரும் ஒரே அளவில் இல்லாவிட்டால் டர்போ பேச்சே வேண்டாம். பிறகு ரேடியேட்டர், தெற்குவாசல் நெரிசலில் மே மாதம் மதியம் ஊசி ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பிரேக். பிறகு ஹோஸ், ஜெட், பம்பு, ரெகுலேட்டர். பிறகு ஆக்சிஜன் சென்சாரும் டைமிங் கட்டுப்பாடும். பிறகு இன்டர்கூலர். கடைசி வரியில் டர்போ. இப்படி எழுதினால் ஒன்றரை லட்சம் டர்போ வரிக்கு வந்து சேரும் முன்பே தீர்ந்துவிடும். ஆனால் எந்த வரியில் காசு தீர்ந்தாலும், அதுவரை செய்தது எல்லாம் காருக்கு நல்லதாகவே இருக்கும். பழைய தாளில் பாதியில் காசு தீர்ந்தால் கையில் இருப்பது ஓட்ட முடியாத கார்.

"அப்ப டர்போ அடுத்த வருஷம்தானாண்ணே?" என்று கேட்டார். கம்ப்ரெஷன் டெஸ்ட் இந்த வாரமே செய்யலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கிடம் நேரம் வாங்கியிருக்கிறார். நாலு சிலிண்டர் அளவும் வந்ததும் தனிக் குறிப்பாகப் போடுகிறேன்.