அதே இடத்தில் இன்னொரு முறை: ஸ்டாம்ப் பிளாட்ஃபார்ம்

பருத்திக் கந்தலில் செய்த கைத்தாளில் ரப்பர் ஸ்டாம்ப் குத்திப் பார்த்தவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். தாளின் மேடு மட்டும் மையை வாங்கிக்கொள்ளும். பள்ளம் வெள்ளையாகவே நிற்கும். ‘பொங்கல் வாழ்த்துகள்’ என்று குத்தினால் ‘ங்’கின் புள்ளி காணாமல் போகும், ‘ழ்’ பாதியில் அறுந்து நிற்கும். விட்டுப்போனதை நிரப்ப அதே இடத்தில் மறுபடி குத்தக் கையால் முடியாது. மயிரிழை நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். வாழ்த்து அட்டையைச் சொந்தமாகச் செய்கிற பலர் வழவழப்பான அட்டைக்கு மாறிவிடுவது இதனால்தான். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் ஆலையில் வருகிற தாளைக் கையில் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும்.

இந்தத் தொல்லைக்கு ஒரு கருவி இருக்கிறது. பெயர் ஸ்டாம்ப் பிளாட்ஃபார்ம். அமெரிக்காவில் இலியானா மிஸ்கா வடிவமைத்த ‘மிஸ்டி’தான் இந்த வகையைப் பிரபலமாக்கியது. பிறகு டிம் ஹோல்ட்ஸ் பெயரில் ஒன்று, ஸ்டாம்பின் அப் நிறுவனத்தின் ‘ஸ்டாம்பராடஸ்’ என்று வரிசையாக வந்தன. இப்போது பெயரே இல்லாத மலிவு ரகங்களும் ஆன்லைனில் கிடைக்கின்றன. என் மேசையில் இருப்பதும் அப்படிப்பட்ட ஒன்றுதான்.

அமைப்பு மிக எளிது. கட்டம் போட்ட ஓர் அடித்தட்டு. அதன் ஒரு மூலையில் செங்கோணத்தில் உயர்ந்த விளிம்பு. மேலே கீல் வைத்த, கண்ணாடிபோல் தெளிந்த அக்ரிலிக் மூடி. தாளை மூலையில் அணைத்து வைத்து, இரண்டு காந்தங்களால் அழுத்தி நிறுத்த வேண்டும். எங்கே வர வேண்டுமோ அங்கே ஸ்டாம்ப்பைக் குப்புறக் கிடத்தி மூடியை மூடினால், ஸ்டாம்ப் மூடியோடு ஒட்டிக்கொண்டு எழும். அதற்கு மை தடவி, மூடியை இறக்கி, உள்ளங்கையால் அழுத்தினால் அச்சு விழும். மூடியைத் திறந்து பாருங்கள். எங்காவது வெளுத்திருந்தால் மறுபடி மை தடவி மறுபடி இறக்குங்கள். தாளும் நகரவில்லை, ஸ்டாம்ப்பும் நகரவில்லை என்பதால் இரண்டாம் அச்சு முதல் அச்சின் மேலேயே போய் உட்காரும்.

கைத்தாளில் இது செய்கிற வேலையைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதல் அழுத்தலில் எழுத்து கரையான் அரித்ததுபோல் இருக்கிறது. இரண்டாவதில் மை பள்ளங்களுக்குள் இறங்குகிறது. மூன்றாவதில் ‘ழ்’ முழுசாகிவிடுகிறது, ஆனால் தாளின் சொரசொரப்பு எழுத்துக்குள்ளும் தெரிகிறது. எந்திரத்தில் அச்சடித்த அட்டையில் இந்த அழகு வராது. நான்காவது முறை வேண்டாம். ‘ண்’, ‘ஞ்’ போன்ற எழுத்துகளின் சுழிகளில் மை தேங்கி அடைத்துக்கொள்ளும். எழுத்தின் உயரம் ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மெய்ப்புள்ளிகள் தப்புவது கடினம். ஆங்கில எழுத்துக்கு இந்தக் கவலை குறைவு. நமக்குத்தான் சுழியும் கொம்பும் புள்ளியும் இருக்கின்றன, ஆகவே நமக்குத்தான் இந்தக் கருவி கூடுதலாகப் பயன்படுகிறது என்பேன்.

தமிழ் ஸ்டாம்ப்புக்கு எங்கே போவது? வெளிநாட்டு ஸ்டாம்ப் தொகுப்புகளில் தமிழ் கிடைப்பது அரிது. ஆனால் ஊருக்கு ஊர் ரப்பர் ஸ்டாம்ப் கடை இருக்கிறது. அலுவலக முத்திரை செய்து தருகிற அதே கடையில், நீங்கள் வரைந்து கொடுக்கிற கோலத்தையும் வாழ்த்து வரியையும் செய்து தருவார்கள். பாலிமர் முறை என்றால், உங்கள் படத்தை நெகட்டிவாக எடுத்து, அதன் மேல் திரவப் பாலிமரை ஊற்றி, புற ஊதா ஒளி காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் இறுகும், படாத இடம் கழுவினால் போய்விடும். கடைக்காரரிடம் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கைப்பிடி வேண்டாம், பாலிமர் தகடு மட்டும் போதும். கைப்பிடியோடு வாங்கினால் மூடி மூடாது. சாயப் பட்டறை மரக்கட்டை அச்சுகளும் இதே காரணத்தால் இந்தக் கருவிக்கு ஆகாது. பாலிமர் சொந்தப் பசையிலேயே அக்ரிலிக்கில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தால் பசை திரும்பும். முதுகில் பிலிம் ஒட்டி வந்தால் இருபக்க டேப் தேவைப்படும். வெயிலில் வைக்காதீர்கள், மஞ்சளாகும்.

மை விஷயத்தில் நான் கண்டிப்பானவன். அலுவலக ஸ்டாம்ப் பேடின் ஊதா மை கைத்தாளில் ஓரம் கசியும், மயிர் முளைத்ததுபோல் இருக்கும். பிக்மென்ட் மைதான் இதற்கு ஏற்றது. அது காய நேரம் எடுக்கும், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. அந்த ஈரத்தையே சாதகமாக்கி எம்பாசிங் பவுடரைத் தூவி, உபரியைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடு காட்டினால் எழுத்து உருகிப் புடைத்து எழும். தாளில் ஈரப்பதம் இருந்தால் பவுடர் கண்ட இடத்திலும் ஒட்டும். அச்சிடுமுன் டால்கம் பவுடரைத் துணியில் தொட்டு லேசாகத் துடைத்துவிட்டால் சரியாகிவிடும். ஆர்ட் கார்டு போன்ற பூச்சுள்ள அட்டையில் சாதாரண மை காயாமல் வழுக்கும். ஐவரி போர்டு நல்ல மாற்று.

அட்டையை மடிப்பதில் கருவிக்குப் பங்கில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. ஆலையில் செய்த அட்டைக்கு இழை ஓடும் திசை உண்டு. இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள்; எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கம்தான் மடிப்பு வர வேண்டும். தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு மடித்தால் விரிசல் வராது.

எண்ணிக்கையாகச் செய்யும்போது கருவியின் இன்னொரு நன்மை தெரிகிறது. ஒருமுறை ஸ்டாம்ப்பை வைத்துவிட்டால், அட்டைகளை அதே மூலையில் ஒவ்வொன்றாக வைத்து எடுத்துக்கொண்டே போகலாம். எல்லாவற்றிலும் வாழ்த்து ஒரே இடத்தில் விழும். சென்னை ஆண்டர்சன் தெரு காகிதக் கடைகளில் மொத்தமாக வெட்டி வாங்குகிற அட்டைகளின் மூலைகள் எப்போதும் துல்லியச் செங்கோணமாக இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது. அதனால் எல்லா அட்டையிலும் ஒரே மூலையையே அணைக்க வேண்டும். கைத்தாளின் பிசிறு ஓரத்துக்கு மூலையே கிடையாது. அதைச் சதுரமாக வெட்டிய வேறொரு அட்டையில் மெல்லிய டேப்பால் நிறுத்தி, அந்த அட்டையை மூலையில் வைக்கிறேன்.

குறைகளும் உண்டு. மலிவு ரகத்தின் கீல் சற்று ஆடுகிறது. மூடியின் நடுவில் அழுத்தினால் தெரியாது. கீலுக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் அழுத்தினால் மெல்லிய கோடுகள் இரட்டிக்கின்றன. எழுத்து சிறிதாகச் சிறிதாக இது பெரிய குறை. வாங்கியதும் மிகச் சிறிய எழுத்துள்ள ஸ்டாம்ப்பை இருமுறை அடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, இரட்டித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மூடியின் ஒரு முகம் மட்டுமே பயன்படுவதும் ஒரு வரம்பு. ஸ்டாம்பராடஸில் தட்டுகளைக் கழற்றித் திருப்பிப் போட்டு இரு முகத்திலும் ஸ்டாம்ப் ஒட்டலாம், இரண்டு நிறக் கோலத்துக்கு அது பெரிய வசதி. காந்தங்கள் சிறியவை, ஆனால் மிக வலுவானவை. குழந்தைகள் ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்கே ஆபத்து. வேலை முடிந்ததும் எண்ணி எடுத்துப் பூட்டி வையுங்கள்.

ஆண்டுக்கு நாலைந்து அட்டை மட்டும் செய்கிறவர்கள் இதற்காகச் சில ஆயிரம் ரூபாய் செலவழிக்கத் தேவையில்லை. பழைய சிடி பெட்டி ஒன்று வீட்டில் இருந்தால், உள்ளே இருக்கும் தட்டைக் கழற்றிவிடுங்கள். அடியில் ஒரு மெல்லிய ஃபோம் தாள் போட்டு, மூடியின் உட்புறம் பாலிமர் ஸ்டாம்ப்பை ஒட்டினால் அதே தத்துவம் வேலை செய்யும். ஏ4 தாளில் நாலில் ஒரு பங்கான ஏ6 அட்டை அதற்குள் நுழையாது. வாழ்த்து வரியை மட்டும் தனிச் சீட்டில் அச்சிட்டு அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.