ஃபிரேமுக்கு வெளியே உள்ள ஏரி: சென்னையின் மேற்குப் புறநகரில் இயற்கைப் புகைப்படக்கலை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இயற்கைப் புகைப்படக்கலை பெரும்பாலும் ஏரிக்கரைகளில் நடக்கிறது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்குத் தென்மேற்கே செம்பரம்பாக்கம் என எல்லாமே காட்டுயிருக்காக அல்லாமல் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது, வயல்கள் மனைகளாயின. மடை திறப்பதும் கரை பலப்படுத்துவதும் ஊர்க்காரர்களின் வேலையாக இருந்த காலம் போய், இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு ஏரி என்பது பால்கனியிலிருந்து தெரியும் நீர்ப்பரப்பு, மழைக்காலத்தில் வெள்ள பயம். அறுந்த அந்த உறவைக் கேமரா ஓரளவு மீட்கிறது. எந்த அளவு, எந்த விலையில் என்பதே இங்கு எடைபோட வேண்டியது.

முதல் நன்மை, அடையாளம் காணும் பழக்கம். கரையில் நிற்பவை எல்லாம் ‘கொக்கு’ என்று கடந்துபோனவர், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அலகின் நிறத்தையும் காலின் நிறத்தையும் கவனிக்கத் தொடங்குகிறார். உண்ணிக்கொக்கு வேறு, மடையான் வேறு, நத்தைகுத்தி நாரை வேறு என்று தெரிகிறது. உள்ளான் வகைகளில் அனுபவசாலிகளுக்கும் குழப்பம் வரும். அங்கே மங்கலான ஒரு படம்கூடச் சான்றாக நின்று, மற்றவர்கள் சரிபார்க்க உதவுகிறது. பெயர் தெரிந்த பறவை அடுத்த ஆண்டு வராவிட்டால் அந்த இழப்பு உறைக்கும்.

படம் எடுப்பதற்கும் கவனிப்பதற்கும் உள்ள தொடர்பை உளவியலாளர்கள் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படமெடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவற்றைவிடப் படமெடுத்தவை குறைவாகவே நினைவில் நின்றன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தபோது அந்தக் குறை தெரியவில்லை. 2017இல் வந்த இன்னோர் ஆய்வு, தாமே விரும்பிப் படமெடுப்பவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாகவும் காதால் கேட்டது குறைவாகவும் நினைவில் தங்குவதைக் காட்டியது. இவை ஏரிக்கரையில் நடந்த சோதனைகள் அல்ல. ஆனால் ஏரிக்கரைக்கு அவை நன்றாகவே பொருந்துகின்றன. நாணலுக்குள் மறைந்திருக்கும் தாழைக்கோழியைக் குரல்தான் காட்டிக்கொடுக்கும். கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்திருப்பவர் ஏரியின் பாதியைத் தவறவிடுகிறார்.

இதைவிடப் பெரிய குறை, ஃபிரேம் எதை வெட்டுகிறது என்பதில் இருக்கிறது. ஆகாயத்தாமரை பூத்துக் கிடக்கும் ஏரியைப் படமெடுத்தால் ஊதா நிறம் கண்ணைப் பறிக்கும். அதன் மேல் நடக்கும் இலைக்கோழி படத்துக்கு இன்னும் அழகு சேர்க்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி கழிவுநீரின் சத்தை உண்டு பெருகுகிறது. அடர்ந்து மூடினால் நீருக்குள் ஒளியும் உயிர்க்காற்றும் குறைகின்றன. படத்தின் அழகுக்கும் ஏரியின் நோய்க்கும் காரணம் ஒன்றே. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பல ஆண்டு வழக்காகித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. அந்த ஏரியில் கூழைக்கடாவின் நெருக்கப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புபவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவர் படத்தைப் பார்ப்பவர் ஏரி நலமாக இருக்கிறது என்றே நம்புவார். இயற்கையோடு உறவு கொள்வது அதன் காயத்தையும் அறிவதுதான் என்றால், கழிவுநீர்க் குழாயும் கரையோரக் குப்பையும் தெரியும் அகன்ற படமும் இக்கலையின் பகுதியாக வேண்டும். போட்டிகளும் விருப்பக்குறிகளும் அத்தகைய படங்களை ஊக்குவிப்பதில்லை.

நெருங்கிப் போகும் ஆசை உயிருக்கே கேடாவதும் உண்டு. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுப்பது, கூடு தெளிவாகத் தெரிவதற்காக இலைகளை விலக்குவது, ஓய்வெடுக்கும் வாத்துக்கூட்டத்தைப் பறக்கும் காட்சிக்காகக் கிளப்புவது எல்லாம் நடக்கின்றன. மறைவை இழந்த கூட்டைக் காகம் எளிதில் கண்டுபிடிக்கும். நெடுந்தூரம் வலசை வந்த வாத்து சேர்த்துவைத்த ஆற்றலை வீணாக இழக்கும். காட்டுயிர்ப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. சரணாலயத்தில் வனத்துறையின் கண் இருக்கிறது. புறநகர் ஏரியில் புகைப்படக்காரரின் மனசாட்சியைத் தவிரப் பெரும்பாலும் காவல் இல்லை.

சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) இக்கலைக்கு நல்ல அளவுகோல். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் பல பத்தாண்டுகள் எழுதினார். அவரிடம் படமும் எழுத்தும் ஒன்றையொன்று தாங்கின: விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது, ஏன் செய்தது என்பதை எழுத்து சொன்னது. இன்று பகிரப்படும் படங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேதி, இடம்கூட இருப்பதில்லை. இக்குறையை ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பதிவுத்தளங்களும், தமிழகத்தில் ஒவ்வொரு பொங்கலிலும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் ஓரளவு ஈடுசெய்கின்றன. மொபைலில் எடுத்த தட்டான் படம்கூட அங்கே தரவாகிறது. லட்ச ரூபாய் லென்ஸ் இல்லாத மாணவரும் பங்கேற்க முடிகிறது. எனினும் அப்பதிவுகளில் ஓட்டைகள் உண்டு. ஆவடியில் பாதுகாப்புத் துறை வளாகங்களின் மதில்களுக்குள் கேமராவுக்கு அனுமதியில்லை. அங்கே பதிவு இல்லை என்பதால் பறவை இல்லை என்றாகாது. அதேபோல் நீருக்கடியில் நாட்டு மீன்களைத் தின்று பெருகும் ஆப்பிரிக்கக் கெளுத்தி யார் படத்திலும் வருவதில்லை.

இக்கலை அதிகம் உதவக்கூடிய இடம், ஒரே ஏரியை ஒரே இடத்திலிருந்து ஆண்டுதோறும் எடுப்பது. பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நடைபாதையும் படகுச் சவாரியும் வந்தன. கரைக்கு வரும் மக்கள் கூடியது நல்லதே. நாணல் குறைந்ததா, குளிர்காலத்தில் நீலச்சிறகி முன்போல் இறங்குகிறதா, படகுகள் போகும் பக்கத்தைப் பறவைகள் தவிர்க்கின்றனவா என்ற கேள்விகளுக்கு விருதுக்குரிய ஒற்றைப் படத்தால் விடை தர இயலாது. தேதியிட்ட, சாதாரணமான, அகன்ற படங்களின் வரிசை தரும். அடுத்த ஏரியைச் சீரமைக்கத் திட்டமிடும் நகராட்சி அதிகாரியின் மேசையிலும் அதை வைக்கலாம்.