மூடியில் தொடங்கும் வைத்தியம்

பழைய அம்பாசடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இருமி நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். கைதேர்ந்த மெக்கானிக் பானட்டைத் தொடவே மாட்டார். பின்னால் போய் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறப்பார். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் குட்டு வெளிப்பட்டுவிட்டது: மூடியின் காற்றுத் துளை அடைத்து, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் திணறியிருக்கிறது. துளையைச் சுத்தம் செய்தால் போதும். செலவில்லாத சந்தேகத்தை முதலில் தீர்க்கும் இந்த வரிசைதான் எனக்குப் பிடித்தது.

அடுத்தது பம்ப். குழாயைக் கழற்றி, அதன் கைநெம்புகோலை அழுத்திப் பார்ப்பார். பெட்ரோல் பீய்ச்சினால் பம்ப் மேல் குற்றமில்லை. சித்திரை வெயிலில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கும். அதற்குப் பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் சரியாகிவிடும்.

கார்புரேட்டர் கடைசியில்தான். ஜெட்டைக் காற்றால் ஊத வேண்டும். கம்பி விட்டுக் குடைகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள், துளை பெரிதாகி பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். பிளக்கில் கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால், பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் அவர் கூடுதலாகச் சந்தேகிக்கிறார்.