மேகத்துக்குள்ளே நிற்கிறவனிடம் வானத்தைக் காட்டுவது

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் மன அழுத்தத்துக்கென்று ஒரு படக் கையேடு வெளியிட்டது. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸும் கூட்டாளிகளும் உருவாக்கிய 'ஏற்பு, உறுதிப்பாட்டுச் சிகிச்சை'யை எளிமையாகச் சொல்லும் முயற்சி. கெட்ட எண்ணத்தோடு மல்லுக்கட்டாதே, அது இருக்கட்டும், உனக்கு முக்கியமானதைச் செய் என்பதுதான் சாரம். இந்தக் கையேட்டோடு ஒலிப்பதிவும் சேர்ந்த பயிற்சியை உகாண்டாவில் தென் சூடான் அகதிப் பெண்கள் சுமார் 700 பேரிடம் சோதித்தார்கள். மூன்று மாதம் கழித்தும் மன வேதனை குறைந்திருந்தது, அளவாகத்தான். ஆகவே சரக்கு உள்ள கையேடுதான்.

என் குறை அதன் உவமையில். நீ வானம், எண்ணமும் உணர்ச்சியும் வானிலை என்கிறது. கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு அது சரி. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறிப் பாருங்கள். மேகம் தலைக்கு மேலே இல்லை. தேயிலைச் செடிக்குள்ளே, சட்டைக்குள்ளே இருக்கு. பத்தடிக்கு அப்பால் ரோடு தெரியாது. மனசு கெட்டுப்போன நாள் இப்படித்தான் இருக்கும். அப்போது "நீதான் வானம்"னு சொன்னால் யாருக்குப் புரியும்? அந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர் மேகம் கலையட்டும்னு காத்திருப்பதில்லை. லைட்டைப் போட்டு, கியரைக் குறைத்து, வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்துப் போகிறார். இந்தச் சிகிச்சை சொல்வதற்கு அவர்தான் நல்ல உதாரணம்.

அடுத்தது 'ஏற்பு' என்கிற சொல். நம்ம ஊரில் அது 'சகிச்சுக்கோ' என்றுதான் காதில் விழும். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனோடு வாழ்கிறவளிடம் ஏற்கனவே எல்லாரும் சொல்வது அதுதானே! கையேடு அப்படிச் சொல்லவில்லை. விலக முடிந்தால் விலகு, மாற்ற முடிந்ததை மாற்று, மிஞ்சுகிற வலிக்கு மட்டும் இடம் கொடு என்கிறது. தமிழில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் 'ஏற்பு' என்று தொடங்கினால் இந்த வரிசையே தொலைந்துபோகும். 'இடம் கொடு' போதும்.

இன்னொன்று, இதில் தமிழுக்கு ஒரு அனுகூலம் இருக்கு. "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்பதை "நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு எனக்குத் தோணுது" என்று மாற்றிச் சொல்வது இதில் முக்கியமான பயிற்சி. ஆங்கிலத்தில் செயற்கையாக நீட்ட வேண்டிய வாக்கியம் அது. நமக்கு ஒரு 'ன்னு' போதும். 'தோணுது' இன்னும் நல்லது: நான் நினைக்கவில்லை, அது எனக்கு வந்தது. வாய்க்குப் பழகிய சொல் என்பதால் கவனிக்காமலே சொல்லிவிடுவோம். நிதானமாக, காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

ஆனால் கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா "கூலி பத்தலை" என்றால் அங்கே 'ன்னு தோணுது' சேர்க்கச் சொல்லக் கூடாது. அது அவர் மனசில் வந்த எண்ணம் இல்லை, கணக்கு. அதைப் பேச வேண்டிய இடம் எஸ்டேட் ஆபீஸ்.