ஒற்றைநிற அடியோவியமும் வாவிக்கரை மாந்தரும்: ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியைப் பொருளாகக் கொண்ட ஓவியங்கள் பலவற்றிலே நீரும் வானும் முதலிடம் பெற, வலை வீசும் மனிதன் வெறும் நிழலுருவாக ஒதுங்கிவிடுவதை நாம் காண்கிறோம். கல்லடிப் பாலமும் நிலவொளியும் அழகுற அமைகின்றன. கோலூன்றித் தோணி செலுத்துவோனின் தோளுக்கோ திண்மை இல்லை. இதனை ஓவியர் ஒருவரின் குறைபாடாகக் கொள்வதிலும், நிறத்தை முதலாகவும் ஒளிநிழலை இறுதியாகவும் கொள்ளும் செய்முறையின் விளைவாகக் கொள்வதே பொருத்தமாகும்.

இவ்விடத்தே ஒற்றைநிற அடியோவியம் எமது கவனத்துக்குரியது. கபிலம் அல்லது சாம்பல் நிறம் ஒன்றினாலேயே ஒளி, இடைநிலை, நிழல் என்பவற்றைப் பிரித்து உருவின் திரட்சியை நிறுவி, அது உலர்ந்தபின் மெல்லிய வண்ணப் படலங்களை மேலே இடுவதே இம்முறை. லியனாடோ டாவின்சி 1481இல் தொடங்கி முடிக்காது விட்ட 'ஞானியரின் வணக்கம்' பெரும்பாலும் கபில அடித்தளத்தோடு நின்றுவிட்டமையால், இதனை இன்றும் கண்கூடாகக் காட்டுகின்றது. நெடுநல்வாடை குறிக்கும் 'புனையா ஓவியம்' வண்ணந் தீட்டாத கோட்டுரு; அடியோவியமோ கோட்டுக்கும் வண்ணத்துக்கும் இடைப்பட்டது.

ஒளிநிழல் மேலைத்தேயத்தது, எமக்கு அந்நியமானது என்பாருமுளர். எனினும், விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரம் இலைநரம்பு போன்ற கோடுகள், மென்பூச்சு, புள்ளிகள் என மூவகை வர்த்தனையைக் கூறுகின்றது. திரட்சி காட்டும் வேட்கை ஒரு கண்டத்துக்கே உரியதன்று.

ஆயினும் அவர்தம் ஐயத்தில் ஓர் உண்மையும் உண்டு. இத்தாலியரான செனினோ செனினி முகத்துக்குப் பச்சை மண்நிற அடித்தளத்தை விதித்தார். வெளிறிய தோலின் இளஞ்சிவப்பை அது சமன்செய்தது. அவ்விதியை வாவிக்கரை மீனவரின் கருந்தோலுக்கு அவ்வாறே பொருத்தின் அது சாம்பல் பூத்துவிடும். கருந்தோலிலே உருவை உணர்த்துவது நிழலினும் ஒளிர்வே. நனைந்த தோளிலே அவ்வொளிர்வு வானின் குளிர்ந்த நீலத்தையும் ஏற்கின்றது. ஆகவே, இடைநிலையை இருண்டதாகவும் வெம்மையானதாகவும் அமைத்து, இருளுக்குள்ளேயே பல படிகளைப் பிரித்துக்காட்டும் அடித்தளமே இங்கு வேண்டப்படுவது.

முறையை ஏற்பதும் வாய்பாட்டை ஏற்பதும் ஒன்றல்ல. சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் அமைந்துள்ள இப்பிரதேசத்திலே, இது தொழில்நுட்ப வினா மட்டுமன்று. வெண்சுண்ண வார்ப்புருக்களை மட்டும் வரைந்து பழகும் கண் உழைப்போரின் உடலைக் காணப் பழகாது. அவ்வுடலின் பாரத்தை முதலில் நிறுவியபின் வாவியின் நீலத்தை இடும் ஓவியமே இம்மண்ணின் யதார்த்தத்துக்கு நெருங்கியதாகும் என்பது எமது துணிபு.