சுஹறாவின் கையெழுத்து

வைக்கம் முகம்மது பஷீரின் (1908–1994) ‘பால்யகால சகி’ 1944ஆம் ஆண்டு மலையாளத்தில் வெளிவந்தது. ஓர் அமர்விலேயே படித்து முடித்துவிடக்கூடிய சிறு நாவல். தமிழ் வாசகர்களுக்கும் மொழிபெயர்ப்பின் வழி நன்கு அறிமுகமானது. இதனைக் கைகூடாத காதலின் கதையாகவே பலரும் போற்றி வந்துள்ளனர். அப்பார்வை பிழையன்று, ஆயினும் முழுமையானதன்று. ஓர் எத்தீம் பெண்ணின் படிப்புச் செலவை ஏற்க வசதி படைத்த முஸ்லிம் ஒருவர் மறுத்தார். இந்நாவலின் துயரம் அங்கிருந்தே தொடங்குகிறது என்பது என் கருத்து.

மஜீதின் தந்தை செல்வம் மிக்க வணிகர். அண்டை வீட்டுச் சுஹறாவின் தந்தையோ பாக்கு வாங்கி விற்றுப் பிழைக்கும் ஏழை. மாங்காய்க்காகச் சண்டையிட்டுப் பகைவர்களாகத் தொடங்கும் சிறுவர் இருவரும் விரைவிலேயே பிரியாத தோழர்களாகின்றனர். பள்ளியில் சுஹறா கணக்கில் வல்லவள். மஜீதுக்கோ கணக்கு வராது. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் சற்றுப் பெரிய ஒன்றுதானே என்று ஆசிரியரிடம் விடை சொல்லித் தண்டனை பெறுகிறான். இரண்டு ஆறுகள் கலந்து ஒரு பேராறாவதை அவன் கண்டிருக்கிறான். அந்தச் சிறுவனின் கற்பனையை வாசக உலகம் இன்றளவும் கொண்டாடுகிறது. கணக்கில் வென்ற சிறுமி என்னவானாள் என்று கேட்போர் குறைவு.

சுஹறாவின் தந்தை இறந்துபோகிறார். உயர்நிலைப் பள்ளிக்கு மஜீது செல்கிறான். அவளால் செல்ல இயலவில்லை. அவளையும் படிக்க வைக்குமாறு மஜீது தன் வாப்பாவிடம் வேண்டுகிறான். அவர் மறுத்துவிடுகிறார். அதே இல்லத்தில்தான் மஜீதின் சுன்னத்து விழா விருந்தும் வேடிக்கையுமாக நடந்தேறியது என்பதைப் பஷீர் முன்னரே காட்டிவிட்டார். இரண்டையும் ஒப்பிட்டு அவர் எதுவும் உரைப்பதில்லை. ஆயினும் ‘அல்மாஊன்’ அத்தியாயத்தை அறிந்த வாசகர் இவ்விடத்தில் நின்றுதான் கடந்து செல்ல முடியும். எத்தீமை விரட்டுவதையும் தொழுகையில் அலட்சியமாயிருப்பதையும் சிறு பொருளுதவியைக் கூட மறுப்பதையும் ஒரே மூச்சில் கண்டிக்கும் அத்தியாயம் அது. எத்தீமாகவே வளர்ந்த நபிகள் நாயகத்தின் (ஸல்) உம்மத்தில் ஒரு சிறுமியின் கல்வி இவ்வாறு முடிகிறது.

அந்த மறுப்புக்குப் பின் இருவரும் சிறுவர்களாக இல்லை. எனினும் அவர்கள் முதிர்ச்சியடையும் வழிகள் வேறானவை. தந்தையோடு மூண்ட பிணக்கில் மஜீது வீட்டைவிட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் ஊர் ஊராய் அலைகிறான். துன்பத்திலிருந்து ஓடிப்போகவேனும் ஆணுக்கு ஒரு சாலை திறந்திருக்கிறது. சுஹறாவுக்கு அதுவும் இல்லை. அவளை இறைச்சிக் கடைக்காரன் ஒருவனுக்கு மணமுடித்து வைக்கின்றனர். அங்கே அடியும் பசியுமே அவளுக்கு வாய்க்கின்றன. மஜீது திரும்பி வரும்போது பழைய அழகின் நிழலாகவே அவளைக் காண்கிறான்.

அதற்குள் மஜீதின் குடும்பமும் செல்வமிழந்து நொடிந்துவிடுகிறது. உதவ மறுத்த வீடு இப்போது உதவியை எதிர்நோக்கும் வீடாகிறது. இதனை இறைத்தண்டனை என்று பஷீர் கைகாட்டவில்லை. அந்த நிதானமே அவரது கலையின் மேன்மை. தங்கையரின் திருமணத்துக்குச் சீதனம் தேட வேண்டி மஜீது மீண்டும் புறப்படுகிறான். தொலைதூர நகரத்தில் சைக்கிள் விபத்தில் ஒரு காலை இழந்து, உணவு விடுதியில் எச்சில் பாத்திரம் கழுவுகிறான். ஊரிலிருந்து உம்மாவின் பெயரில் கடிதங்கள் வருகின்றன. அவற்றை எழுதித் தருபவள் சுஹறா. கணக்கில் முதலாவதாக நின்ற அவளது கல்வி இறுதியில் பயன்பட்டது இவ்வளவுக்குத்தான். ஒருநாள் வேறொருவர் கையெழுத்தில் கடிதம் வருகிறது. சுஹறா மறைந்துவிட்டாள் என்பதே அதிலுள்ள செய்தி.

நாவலில் குறையில்லாமல் இல்லை. சுஹறாவின் மணவாழ்க்கை சில வரிகளில் சொல்லப்பட்டு முடிந்துவிடுகிறது. அவளது உள்ளம் மஜீதின் வழியாகவே நமக்கு எட்டுகிறது. விடைபெறும் வேளையில் அவள் சொல்ல வந்து சொல்லாமல் நின்ற சொல் எதுவென்னும் கேள்வியோடு நாவல் நிறைவடைகிறது. அச்சொல்லைக் காதல் மொழி என்றே பலர் கொள்வர். தன் வாழ்வைப் பற்றி வாய்திறக்க ஒருபோதும் இடம்பெறாத ஒருத்தியின் வழக்குரையாகவும் அது இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுன்னத்து விருந்துக்கும் சீதனத்துக்கும் எளிதாகத் திறக்கும் பணப்பை, அண்டை வீட்டு எத்தீமின் படிப்புக்கு ஏன் மூடிக்கொள்கிறது? எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கேரளச் சிற்றூரை வைத்துப் பஷீர் எழுப்பிய இவ்வினாவுக்கு ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் கணக்கேட்டைத் திறந்துதான் விடை சொல்ல வேண்டும்.